காணாமப் போன மூணாம் நம்பர் மைக்

லொகேஷன் சவுண்ட், தண்டையார்பேட்டை

பன்னெண்டு வருஷமா லொகேஷன் சவுண்ட்ல, அதாவது ஷூட்டிங் ஸ்பாட்லயே சத்தத்தப் பதிவு பண்ற வேலையில இருக்கேன். சொந்தமா என்கிட்ட இருக்கறது ஒரு ஹெட்ஃபோனும், மைக்க நுனியில மாட்டி நீட்டிப் பிடிக்கற ஒரு பூம் கம்பும்தான். ரெக்கார்டர், சட்டைக்குள்ள மறைச்சு வைக்கற லேப்பல் மைக், அதோட சத்தத்த ஒயர் இல்லாம அனுப்பற டிரான்ஸ்மிட்டர், அத வாங்கற ரிசீவர், டைரக்டர் காதுல மாட்டற ஹெட்ஃபோன்னு மிச்சம் எல்லாமே வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுக்கறது. ஒண்ணு தொலைஞ்சா கட்டி முடிக்க மாசக்கணக்காகும். ஆனா நான் எழுத வந்தது அந்தக் காசைப் பத்தி இல்ல.

ஒரு மே மாசம், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல ஷூட். ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், இன்ஜின் சத்தம் இருக்காது. டப்பிங் இல்லாம ஸ்பாட்லயே லைவ் சவுண்ட் எடுக்கற படத்துக்கு அது நல்ல நேரம். ஆனா படகுக்குப் பெயின்ட் அடிக்கறது, பலகை மாத்தறது, வெல்டிங்னு ரிப்பேர் வேலை எல்லாம் நடக்கறதும் அப்பத்தான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நாலு படகுக்கு ஓடி, "அண்ணா, ரெண்டு நிமிஷம் சுத்தியல வைங்கண்ணா"ன்னு கேக்கணும். கேட்டா வைப்பாங்க. கடலுக்குப் போக முடியாம உக்காந்திருக்கறவங்க, கையில இருக்கற வேலையையும் நமக்காக நிறுத்துவாங்க. இதை ஏன் சொல்றேன்னா, அன்னிக்கு சாயங்காலம் நாங்க அவங்களுக்குச் செஞ்சது வேற.

நாலு நடிகருக்கு மைக். வேர்வையில டிரான்ஸ்மிட்டர் போயிடும்னு பிளாஸ்டிக்ல சுத்தி, இடுப்புல துணி பெல்ட்டுக்குள்ள வச்சு, மைக்க சட்டைக்குள்ள மைக்ரோபோர் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். படகு ஓட்டியா நடிச்சவருக்கு மூணாம் நம்பர். வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும்னு கடைசி ஷாட்ட அவசர அவசரமா எடுத்தாங்க. "பேக்கப்"னு, அதாவது அன்னிக்கு ஷூட் முடிஞ்சுதுன்னு, குரல் வந்ததும் லைட்மேன் கேபிள் சுத்தறாங்க, ஜெனரேட்டர் நிக்குது, அவங்கவங்க வண்டியத் தேடி ஓடறாங்க. நான் பெட்டியத் திறந்து அடுக்கறேன். ஸ்பாஞ்சுல மூணாவது பள்ளம் காலி.

மேனேஜர்கிட்ட சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்ல. நேரா, யூனிட்டுக்குத் தண்ணி கேன் தூக்கிட்டிருந்த பையன்கிட்டப் போனார். பதினாறு வயசு இருக்கும், அங்க பக்கத்துலதான் வீடு. காலையில இருந்து என் பெட்டியக்கூட ரெண்டு தடவ தூக்கிக் குடுத்தவன். அவன் பையப் பிடுங்கித் தலைகீழாக் கொட்டினாங்க. ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ஃபுட்பால் ஜெர்சி. ஜெர்சி மீன் தண்ணியில விழுந்துச்சு. அவன் அழல. "நான் இன்னாத்துக்குண்ணா அத்த எடுக்கப் போறேன்?"னு என்னப் பாத்துதான் கேட்டான். மேனேஜரப் பாத்து இல்ல.

எனக்குக் கை நடுங்கிப் போச்சு. ரிசீவர இன்னும் ஆஃப் பண்ணல. மூணாம் சேனல்ல சிக்னல் ஏறி ஏறி இறங்கிட்டிருந்துச்சு. ஹெட்ஃபோன மாட்டினேன். துணி உரசற சத்தம். அப்புறம் தகர டிரங்குப் பெட்டி மூடி. அப்புறம் ஒரு குரல் எண்ணுது: "வேட்டி ஏழு... லுங்கி நாலு..."

காஸ்ட்யூம் வண்டி! ஓடினேன். கேட் பக்கத்துல திரும்பிட்டிருந்த வண்டிய நிறுத்தி டிரங்கத் திறந்தா, லுங்கி மடிப்புக்குள்ள பெல்ட், பெல்ட்டுக்குள்ள டிரான்ஸ்மிட்டர். நடிகருக்கு வேற எங்கயோ போகணும்னு அவசரம், எல்லாத்தையும் மொத்தமாக் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டார்.

அஞ்சு நிமிஷம் தாமதமாயிருந்தா வண்டி சிக்னல் எட்டாத தூரம் போயிருக்கும். அந்தப் பையன் யூனிட் முழுக்கத் திருடன்னு பேர் வாங்கியிருப்பான். "சரி விடு, கெடச்சிருச்சுல்ல"ன்னார் மேனேஜர். நான் ஜெர்சிய எடுத்து உதறிக் குடுத்தேன்.

அதுக்கப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டு என் பாக்கெட்லயே இருக்கு. மைக் மாட்டும்போதே நம்பர், யாருக்கு, உடம்புல எங்க, எத்தன மணிக்குன்னு எழுதிடுவேன். கழட்டினதும் அந்த வரிய அடிச்சுடுவேன். கடைசி ஷாட் ஓகே ஆனாலும், நான் கை தூக்கற வரைக்கும் பேக்கப் சொல்லாதீங்கன்னு காலையிலேயே அசோசியேட் டைரக்டர்கிட்டக் கேட்டு வச்சுக்கறேன். ஒரு பீஸ் குறைஞ்சா முதல்ல ஹெட்ஃபோன் மாட்டி ரிசீவர்ல என்ன சத்தம் வருதுன்னு கேப்பேன், அப்புறம் காஸ்ட்யூம், மேக்கப், கேரவன்ல தேடுவேன். இதெல்லாம் முடிக்காம மேனேஜர்கிட்ட வாயே திறக்கறதில்ல. நம்ம வடசென்னையில ஷூட்னா ஒரு சாமான் காணோம்னதும் எல்லாக் கண்ணும் எங்க திரும்பும்னு எனக்குத் தெரியும். நான் இந்த ஊர்க்காரன்.

வாடகைக் கடை ஸ்டாஃப், வியாசர்பாடி

நாங்க குடுக்கற பக்கம். ஸ்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே சாமான் சலான்ல, அதாவது சாமானோட அனுப்பற சீட்டுல, தொலைஞ்சிருக்கும். 'லேப்பல் செட் 1'னு எங்க கடையில ஒரு வரி எழுதி அனுப்புவாங்க. அந்த ஒண்ணுக்குள்ள டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், மைக், கிளிப், காத்துச் சத்தம் ஏறாம இருக்கப் போடற ஸ்பாஞ்ச், ஆன்டெனா, கேபிள், பை இருக்கு. கிளிப் இல்லாம வந்தா 'நீங்க குடுக்கல'ம்பாங்க, 'குடுத்தோம்'னுவோம். ரெண்டு பேர்கிட்டயும் எழுத்து இல்ல.

நான் இப்ப பெட்டியத் திறந்து வச்சு, சீரியல் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து, எடுத்துட்டுப் போறவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுவேன். ராத்திரி பதினோரு மணிக்கு டிரைவர் வந்து பெட்டிய இறக்கிட்டுப் போனா 'வந்தது'ன்னு மட்டும் எழுதுவேன், 'சரியா வந்தது'ன்னு எழுத மாட்டேன். காலையில ஆள் வரணும், ரெண்டு பேரும் சேந்து எண்ணணும்.

இன்னொண்ணு. காசிமேடு, எண்ணூர் போய்ட்டு வந்த கேபிளப் பாத்தாலே தெரியும், முனையெல்லாம் உப்புக் காத்துல பூத்திருக்கும். அன்னிக்கு ராத்திரியே துடைச்சு வச்சா எங்களுக்குப் பெரிய உதவி.

காஸ்ட்யூம் அசிஸ்டென்ட், புளியந்தோப்பு

"வேட்டி ஏழு, லுங்கி நாலு"ன்னு எண்ணற குரல் நான்தான்னு வச்சுக்கங்க அண்ணா. எங்க துணியும் வாடகைதான், ஒரு லுங்கி குறைஞ்சா என்னக் கேப்பாங்க. உள்ள மைக் இருக்குன்னு எங்ககிட்ட யாரும் சொல்றதில்ல.

பின்னி மில்லுல ஒரு நைட் ஷூட். 1996ல மூடின மில்லு அது, கரன்ட் எல்லாம் ஜெனரேட்டர்தான், எங்க கூடாரத்துக்கு ஒரே ஒரு டியூப்லைட். ரத்தக்கறை சீன். அந்தச் சாயம் காஞ்சா போகாதுன்னு சட்டை வந்த உடனே பக்கெட்ல போட்டுட்டேன். டிரான்ஸ்மிட்டரக் கழட்டியிருக்காங்க, மைக்க ஒயரோட காலருக்குள்ள விட்டுட்டாங்க. கசக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. சவுண்ட் தம்பி அதக் கையில வச்சுக்கிட்டு ஒரு வார்த்த பேசல. எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல.

இப்ப நானே ஒரு வழி வச்சிருக்கேன். எந்த டிரஸ்ல மைக் போகுதோ அதோட ஹேங்கர்ல சிவப்பு ரிப்பன் கட்டி, மைக் நம்பர் எழுதிடுவேன். சவுண்ட்ல இருந்து வந்து மைக்க எடுத்துட்டு அவங்க கையாலதான் ரிப்பன அவுக்கணும். ரிப்பன் இருக்கற ஹேங்கரோட துணி டிரங்குக்கோ பக்கெட்டுக்கோ போகாது. லேடி ஆர்ட்டிஸ்டுக்கு மைக் வைக்கறதும் எடுக்கறதும் நான்தான், அதனால அந்த ரிப்பன மட்டும் நானே அவுப்பேன்.

பூம் ஆபரேட்டர், ராயபுரம்

அண்ணா, அந்தத் தண்ணி கேன் பையன் என்ன ஆனான்?

லொகேஷன் சவுண்ட், தண்டையார்பேட்டை

ரிப்பன் விஷயத்த நாளையில இருந்து நானும் செய்யறேம்மா.

தம்பி, அவன் மறுநாள் வரல. இன்னும் ரெண்டு நாள் வேலை பாக்கி இருந்துச்சு, கேன் தூக்க வேற ஆள் வந்தாரு. அவனுக்கு வரவேண்டிய கூலிய மேனேஜர்கிட்ட வாங்கிட்டு வீட்டத் தேடிப் போனேன். அம்மா வாசல்ல வலை பின்னிட்டிருந்தாங்க. மன்னிப்புக் கேட்டேன். காச வாங்கி எண்ணிப் பாத்துட்டு, என்கிட்ட எதுவும் சொல்லல. உள்ள திரும்பி அவன்கிட்டதான் சொன்னாங்க: "ஷூட்டிங்காண்ட போவாதன்னு சொன்னேன்ல."