விண்டோஸ் எக்ஸ்பியை இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரை டிடிபிக்காரர்:

கேட்டவனே முதலில் சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழ், துண்டறிக்கை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. மேசையில் இரண்டு கணினிகள். ஒன்றில் விண்டோஸ் 10. மற்றொன்று 2006-இல் வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, மூன்றாவது சர்வீஸ் பேக், 2 ஜிபி ராம். சோறு போடுவது அந்தக் கிழம்தான்.

காரணம், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள். 7.0 பதிப்பு 2001-இல் வந்தது. அத்தோடு அதன் வம்சம் ஏறக்குறைய முடிந்தது. இன்று எல்லாக் கணினியும் தொலைபேசியும் பேசும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. 'கொ' என்று எழுத வேண்டுமானால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று பழைய தட்டச்சுப் பொறி வரிசையில் தட்டவேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு பழகியவர்களுக்கு அது விரலிலேயே இருக்கும். பேஜ்மேக்கர் புதிய விண்டோஸிலும் ஓடுமே என்பீர்கள். ஓடும். என் எழுத்துருத் தொகுப்பின் பூட்டு ஓடாது. காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் ஓட்டுவதற்காகப் பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் அது. 64 பிட் விண்டோஸுக்கு டிரைவர் எழுதாமலே அந்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது.

வாடிக்கையாளர்கள் கையெழுத்துத் தாளோடு வந்த காலம் வரை தொல்லை இல்லை. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்பத் தொடங்கியதும் வந்தது வினை. ஒருநாள் ஒரு திருமண அழைப்பிதழின் வாசகத்தை அப்படியே எடுத்து பேஜ்மேக்கரில் ஒட்டினேன். மணமகள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். பக்கத்தில் நின்ற பெண்ணின் அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "என் மகள்மேல் இவ்வளவு சந்தேகமா தம்பி?" என்றார்.

ஆகவே எக்ஸ்பியிலேயே இணையம், எழுத்துரு மாற்றி இரண்டும் வேண்டும் என்று இறங்கினேன். எக்ஸ்பிக்குத் தமிழ் யூனிகோடு தெரியும், லதா எழுத்துருவும் உண்டு. ஆனால் வட்டார மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் டிக் அடித்தால்தான் கொம்பும் காலும் இடத்தில் உட்காரும். அடித்தேன். உடனே சிடியைக் கேட்டது. ஐ386 கோப்புறை வேண்டுமாம். பதினைந்து வருடத்துக்கு முந்தைய சிடிக்கு நான் எங்கே போவது? பரணில் இருந்த பழைய ஜாதகக் கட்டுக்குள் கிடைத்தது. ஏன் அங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்தது உலாவி. எக்ஸ்பிக்கான கடைசி குரோம் 49. அதுவே 2016-இல் நின்றுவிட்டது. 2021 செப்டம்பர் 30-க்குப் பிறகு பாதித் தளங்கள் அதில் திறக்கவில்லை. தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்கு உறுதி சொல்வது சான்றிதழ். அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் சான்றிதழ்கள் சாய்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் அன்றுதான் காலாவதியானது. நம்பத்தகுந்த மூலச் சான்றிதழ்களின் சாவிக்கொத்து ஒன்றை விண்டோஸ் வைத்திருக்கும்; அந்தக் குரோம் அதையே நம்பியது. எக்ஸ்பியின் சாவிக்கொத்தோ துருப்பிடித்தது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சாவிக்கொத்தைத் தானே இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறது. அதனால் எக்ஸ்பிக்கான கடைசிப் பதிப்பான 52.9-இல் அதே தளங்கள் திறந்தன. இப்போது வைத்திருப்பது மைபால் 68. ஃபயர்ஃபாக்ஸ் குடும்பத்திலிருந்து யாரோ புண்ணியவான் எக்ஸ்பிக்காகவே இழைத்துக் கொடுத்தது. மெதுவானது, ஆனாலும் போதும்.

இவ்வளவும் செய்து முடித்த ஒரு மாதத்தில் ஒருநாள் காலையில் ஒரு தளமும் திறக்கவில்லை. எல்லாவற்றிலும் சான்றிதழ்ப் பிழை. இரண்டு நாள் உலாவியை மாற்றினேன், நச்சுநிரல் தேடினேன், சான்றிதழ்களைக் கையால் ஏற்றினேன். மூன்றாம் நாள் கடைப் பையன் கேட்டான்: "அண்ணா, இதில் ஏன் 2002 ஜனவரி என்று காட்டுகிறது?" மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. 2002-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லையே! கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டேன். தீர்ந்தது.

திருப்பூர், எம்பிராய்டரி பஞ்சிங்:

உங்கள் எக்ஸ்பியைக் கிழம் என்கிறீர்கள். என்னிடம் ஓடுவது விண்டோஸ் 98, இரண்டாம் பதிப்பு.

டிசைனைத் தையல் மெஷினுக்குப் புரியும் கோப்பாக மாற்றும் பஞ்சிங் மென்பொருளை மெஷினோடு சேர்த்து வாங்கினோம். நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றவேண்டும் என்றால் லட்சக் கணக்கில் விலை சொல்கிறார்கள். டிஎஸ்டி என்ற அந்தத் தையல் கோப்பை ஃப்ளாப்பியில் போட்டு மெஷினுக்குக் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. இப்போது நல்ல ஃப்ளாப்பி கிடைப்பதில்லை. கிடைப்பதும் மூன்றாம் தடவை எழுதும்போது கரகரவென்று சத்தம் போட்டுச் செத்துவிடுகிறது.

98-இல் பென் டிரைவைச் செருகினால் அந்தந்தக் கம்பெனியின் டிரைவர் சிடியைக் கேட்கும். எல்லாப் பென் டிரைவுக்கும் பொதுவான டிரைவர் அதில் இல்லை. என்யூஎஸ்பி என்று ஆர்வலர்கள் கட்டிய தொகுப்பு ஒன்று உண்டு. அதைப் போட்ட பிறகு 4 ஜிபி பென் டிரைவ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு ஃப்ளாப்பிப் பெட்டியைக் குப்பையில் போட்டேன்.

பிறகு பேராசை வந்தது. ராமை 1 ஜிபியாக்கினேன். கணினி ஏறியதும் டாஸ் சாளரத்தைத் திறந்தால் 'நினைவகம் போதவில்லை' என்றது! நினைவகத்தை அதிகமாக்கியதால் போதவில்லையாம். விஷயம் என்னவென்றால், 98-இல் கோப்புத் தற்காலிகச் சேமிப்பு 512 எம்பிக்கு மேல் ராம் இருந்தால் முகவரி இடத்தையெல்லாம் தானே வளைத்துப் போட்டுவிடும். சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் பகுதியில் அதற்கு ஓர் உச்சவரம்பு எழுதினால் அடங்கும். எழுதினேன், அடங்கியது.

கெர்னல்எக்ஸ் பற்றியும் சொல்லவேண்டும். 98-க்கு இல்லாத செயற்கூறுகளை இடையில் நின்று கொடுக்கும் நிரல் அது. நிரலின்மேல் வலது கிளிக் செய்து பண்புகளுக்குப் போனால் புதிதாக ஒரு தாவல் இருக்கும். 'இதற்கு நீ விண்டோஸ் 2000 மாதிரி நடி' என்று அங்கே சொல்லிவிடலாம். அதைக் கொண்டு ஃபயர்ஃபாக்ஸ் 3.6-ஐக்கூடத் திறந்துவிட்டேன். திறந்து என்ன பயன்? இன்றைய தளங்கள் கேட்கும் மறையாக்கம் அதற்குத் தெரியாது, ஒன்றும் வரவில்லை. இணையத்துக்குத் தொலைபேசி இருக்கிறது, 98 தைக்கிற வேலையை மட்டும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்னை, நெட்வொர்க் பராமரிப்பு:

இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. அந்தக் கணினிகளை மற்றவற்றோடு ஒரே நெட்வொர்க்கில் வைத்திருக்கிறீர்களா?

ஒரு வாடிக்கையாளரின் எடைமேடை அலுவலகத்தில் எக்ஸ்பி இருக்கிறது. லாரி எடையைப் பதிவு செய்வது அதுதான். கணக்காளரின் கணினி புதிதாக வந்ததும் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்க மறுத்தன. எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு மொழி எஸ்எம்பி1 மட்டும். விண்டோஸ் 10-இல் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அது முழுமையாக வருவதில்லை; வரும் பகுதியும் பயன்படுத்தாவிட்டால் சில நாளில் தானே நீங்கிவிடும். யூடியூபைப் பார்த்துவிட்டு கணக்காளரே அதை மறுபடி இயக்கி வைத்துவிட்டார். அழித்தேன். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை நச்சுநிரல் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். ஆதரவு முடிந்து மூன்று வருடமான எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்து ஒரு திருத்தம் கொடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை வைத்தேன். அதில் இரண்டு நெட்வொர்க் வாசல்கள். எக்ஸ்பி பக்கம் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில் பழைய மொழியை அனுமதித்தேன். மற்றப் பக்கம் புதிய மொழி மட்டும். எடைச் சீட்டு ஒரு பக்கம் விழுகிறது, கணக்காளர் மறுபக்கம் எடுத்துக்கொள்கிறார். எக்ஸ்பிக்கு இணையமே கிடையாது. எக்ஸ்பியில் உலாவி ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், மதுரைக்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி.

பைத்தான் வாத்தியார்:

எங்களிடம் இருப்பது விண்டோஸ் 7. அதையும் இங்கே சேர்க்கலாமா? ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்ததால் அதுவும் கிழங்களில் ஒன்றுதானே.

நான் சொல்லிக்கொடுக்கும் நிரல்மொழி பைத்தான். விண்டோஸ் 7-இல் ஏறும் அதன் கடைசிப் பதிப்பு 3.8. மாணவர்கள் கையில் இருக்கும் பாடக் குறிப்பிலோ 3.10-இல் வந்த 'மேட்ச்' கட்டளை. 3.9-இன் கோப்புகளை நகலெடுத்து ஓட்டிப் பார்த்தேன். 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் முழநீளப் பெயருள்ள ஒரு டிஎல்எல், அதாவது விண்டோஸின் துணைக் கோப்பு, இல்லை என்றது. சமையல்காரர் வந்து 'இட்லிக் கொப்பரை எங்கே' என்று கேட்டு, இல்லை என்றதும் அடுப்பையே பற்றவைக்காமல் திரும்பிப் போவது போலத்தான் இது. கொப்பரை அன்றைய சமையலுக்கு வேண்டுமா என்றுகூடப் பார்ப்பதில்லை. நிரல் ஏறும்போதே பட்டியலில் உள்ள ஒவ்வொரு செயற்கூறும் இருக்கிறதா என்று விண்டோஸ் சரிபார்க்கும்; ஒன்று குறைந்தாலும் கதவைச் சாத்திவிடும். எக்ஸ்பிக்காரர்களுக்கு 'கெட் டிக் கவுண்ட் 64' என்ற பெயர் பழக்கமாக இருக்கும். கணினி ஏறி எத்தனை மில்லி வினாடி ஆயிற்று என்று சொல்லும் சின்ன வேலைதான் அதற்கு, எக்ஸ்பிக்கு அடுத்த விஸ்டாவில் வந்தது. அது இல்லாத ஒரே குறைக்காக எத்தனை நிரல்கள் எக்ஸ்பியில் விழுந்தன!

விஎக்ஸ்கெக்ஸ் என்பது விண்டோஸ் 7-க்கான கெர்னல்எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்புகளில் அதே போல ஒரு தாவல், ஒரு டிக். என் மேசைக் கணினியில் 3.10 ஓடிற்று. நம்பமுடியாமல் 'மேட்ச்' கட்டளையை நான்கு தடவை தட்டிப் பார்த்தேன்.

ஆனால் மாணவர்களின் கணினிகளில் அதைப் போடவில்லை. இருபது கணினிகளில் ஒன்று நடுப்பாடத்தில் விழுந்தாலும் குற்றம் பைத்தானிலா, இடையில் நிற்பவரிடமா, பையன் எழுதிய வரியிலா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. அங்கே 3.8-தான். 'மேட்ச்' பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

டொரொண்டோவிலிருந்து:

சிறிய அனுபவம். அம்மாவின் ஐமேக்கில் எல் கேப்பிட்டன் என்ற பழைய ஆப்பிள் இயங்குதளம். அவரும் 2021 அக்டோபரில், "மோனே, இணையம் செத்துப்போச்சு" என்று அழைத்தார். மதுரைக்காரர் சொன்ன அதே சான்றிதழ்தான். ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற புதிய மூலச் சான்றிதழை என் கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோய், மேக்கின் சாவிக்கொத்தான கீசெயினில் சேர்த்து 'எப்போதும் நம்பு' என்று வைத்தேன். சஃபாரி உயிர்த்தது. கூடவே ஃபயர்ஃபாக்ஸ் 78-ஐயும் போட்டுக் கொடுத்தேன். எல் கேப்பிட்டனில் ஏறும் கடைசி அதுதான். அம்மா இன்னமும் சஃபாரியைத்தான் திறக்கிறார். ஐகான் அழகாக இருக்கிறதாம்.

பெயர் வேண்டாம்:

ஏன் இந்தப் பாடு? புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் எக்ஸ்பியை ஓட்டிவிட்டுப் போகலாமே. நான் பழைய கணக்கு மென்பொருளை அப்படித்தான் ஓட்டுகிறேன்.

மதுரை டிடிபிக்காரர்:

பெயர் வேண்டாதவருக்கு: முயன்றேன். எக்ஸ்பி அழகாக ஏறியது, பேஜ்மேக்கரும் ஏறியது. எழுத்துரு மென்பொருளைத் திறந்ததும் 'பூட்டைக் காணோம்' என்றது. புதிய கணினியில் பிரிண்டர் போர்ட் இல்லை. யூஎஸ்பி மாற்றிக் கேபிள் வாங்கிப் போட்டேன். அச்சுப்பொறிக்கு அது போதுமாம், டாங்கிளுக்குப் போதாதாம். அந்தக் கேபிள் இப்போது சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது.

சென்னைக்காரருக்கு: கோபம் இல்லை. நீங்கள் சொன்னதைப் படித்த அன்றே எக்ஸ்பியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். வாட்ஸ்அப் வாசகத்தை விண்டோஸ் 10-இல் பாமினிக்கு மாற்றி, வெறும் எழுத்துக் கோப்பாகப் பென் டிரைவில் கொண்டுவருகிறேன். அதைக் கொண்டுவர நான்கு அடி நடக்கவேண்டும். மைபாலை அழிக்க மனம் வரவில்லை. அது சும்மா கிடக்கிறது.

இன்னொரு விஷயம். போன வாரம் பெட்டியைத் திறந்தபோது மதர்போர்டில் இரண்டு கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. ஒரு பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டேன். அடுத்த முறை சென்னைக்கு வரும்போது ரிச்சி தெருவில் இதே மாடல் மதர்போர்டு தேடவேண்டும். 865 சிப்செட், பிரிண்டர் போர்ட் கட்டாயம். யார் கண்ணிலாவது பட்டால் இரண்டாக எடுத்து வையுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன்.

திருப்பூர், எம்பிராய்டரி பஞ்சிங்:

865 என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. பிரிண்டர் போர்ட் இருக்கிறது, கப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை. பணம் வேண்டாம். அந்த எக்ஸ்பி சிடியை ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள்.