மேல்தள ஸ்கேன் கீழ்தளத்தோடு பொருந்தவில்லை, உதவி தேவை

வணக்கம். மயிலாப்பூரில் ஒரு பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த கூரை) கட்டடம், இரண்டு தளம். கூரை ஒழுகுகிறது. பராமரிப்புக்கான 3டி மாடலுக்காக ஜூனில் லைக்கா பிஎல்கே360 லேசர் ஸ்கேனர் வைத்து ஸ்கேன் செய்தோம். ஸ்கேன்களை இணைக்கும் ரீகேப் மென்பொருளில் சேர்த்தால் வடக்குப் பக்கம் சரியாக இருக்கிறது, தெற்கு மூலையில் மட்டும் மேல்தளம் 4 செ.மீ. விலகி நிற்கிறது. இரண்டு தளத்தையும் இணைப்பது ஒரே ஒரு குறுகலான மாடிப்படிதான், பிழை அங்கேதான் சேருகிறது என்று நினைக்கிறேன். படியில் கூடுதல் ஸ்கேன் எடுத்தோம், ஸ்கேன்களைப் பொருத்த உதவும் செக்கர்போர்டு டார்கெட் (கறுப்பு-வெள்ளைக் கட்டக் குறி) ஒட்டினோம், கிளவுட்கம்பேர் மென்பொருளில் ஐசிபி (இரண்டு ஸ்கேனைத் தானாக நெருக்கிப் பொருத்தும் முறை) ஓட்டியும் பார்த்தாச்சு, அதே விலகல். இப்படியே கட்டட மாடல் வரையும் ரெவிட் மென்பொருளில் வரைந்தால் ஒழுகும் இடம் எந்தச் சுவருக்கு மேலே என்பதே தப்பாகிவிடும், அந்தச் சுண்ணாம்புக் கூரையைத் தவறான இடத்தில் கொத்த எனக்கு மனசு வராது. ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும்.

வெளியிலிருந்து ஜன்னல் வழியே டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) கன்ட்ரோல் பாயின்ட் (இடம் துல்லியமாக அளந்த குறிப்புப் புள்ளி) எடுத்தால் இது சரியாகுமா, இல்லை மேல்தளத்தை முழுசாக மறுபடி ஸ்கேன் செய்யத்தான் வேண்டுமா?