சென்சார்ஸ் காட்டும் 118 டிகிரியை நம்புவதா, விடுவதா?

பத்து நாளாக என் டெஸ்க்டாப் மதிய நேரத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. வீடியோ ரெண்டர் ஓடும்போதுதான் அதிகம். பெங்களூரு ஜெயநகரில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை, ஏசி கிடையாது.

ரைசன் 5 3600 சிபியு, பி450 மதர்போர்டு, ஐந்து வருடப் பழைய பவர் சப்ளை, உபுண்டு 24.04.

வெப்பநிலை, வோல்டேஜ் காட்டும் சென்சார்ஸ் கட்டளை கொடுத்தால் கே10டெம்ப் பகுதியில் டிசிடிஎல், அதாவது சிபியு வெப்பநிலை, சும்மா இருக்கும்போது 46 டிகிரி, ரெண்டரில் 78. இந்தச் சிப்புக்கு உச்சவரம்பு 95 என்பதால் அதில் எனக்குப் பயமில்லை. குழப்பமே போர்டின் கண்காணிப்புச் சிப்பான என்சிடி6797 பகுதியில்தான். அதில் ஆக்ஸ்டின்1 என்ற கூடுதல் வெப்பநிலை வரி எப்போதும் 118. காலையில் குளிர்ந்த மெஷினைப் போட்ட அடுத்த நிமிடமும் அதே 118! போர்டை விரலால் தொட்டுப் பார்த்தேன், எங்கும் சுடவில்லை. 12 வோல்ட் என்று பெயர் போட்ட வரியே இல்லை. இன்4 என்ற வோல்டேஜ் வரியில் 0.99 வோல்ட், பக்கத்தில் அலாரம். 12-ஆல் பெருக்க வேண்டும் என்கிறார்கள், அப்படியானால் 11.88, சரிதான்.

தூசி தட்டினேன், சிபியு மேல் தடவும் பேஸ்ட் மாற்றினேன், சென்சார்களைத் தேடும் சென்சார்ஸ்-டிடெக்ட் மறுபடி ஓட்டினேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு இரவு முழுக்க ஓடி பிழையின்றி முடிந்தது. சிஸ்டம் லாக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் முந்தைய பூட்டின் லாக் பாதியில் அறுந்து நிற்கிறது, சூடு பற்றி ஒரு வரி கிடையாது. பயாஸில் இந்த 118 தென்படவே இல்லை. எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரர் பார்க்காமலேயே “போர்டை மாத்திடுங்க சார்” என்கிறார். அவருக்கென்ன!

ஆக்ஸ்டின்1 சென்சார் இணைக்காத வெறும் பின்தானா, இல்லை நிஜமாகவே ஏதோ சூடாகிறதா என்பதை எப்படி உறுதிசெய்வது?