ஒரே மினி ரிவால்வருக்கு இரண்டு சிலிண்டர்கள்: லாங் ரைபிளா, மேக்னமா?

கள்ளிக்காடு (வினா):

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில், நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி, எங்களுக்குச் சிறிது நிலம் உள்ளது. வேலியையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துவரச் செல்லும்போது காற்சட்டைப் பையில் போட்டுக்கொள்வதற்காக, நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் ஐந்து தோட்டா மினி ரிவால்வர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். குழலின் நீளம் ஒன்றரை அங்குலத்திற்கும் சற்றுக் கூடுதல், அதாவது 1⅝ அங்குலம். இப்போது அதில் இருப்பது .22 மேக்னம் என்னும் பெரிய தோட்டாவுக்கான சிலிண்டர் (தோட்டாக்களை இடும் சுழல் உருளை) மட்டுமே. இதே சட்டகத்தில் பொருத்தக்கூடிய, .22 லாங் ரைபிள் என்னும் சிறிய தோட்டாவுக்கான சிலிண்டரும் உண்டு என்றும், சிலிண்டரைத் தாங்கும் அச்சு ஊசியை உருவி ஒன்றை எடுத்து மற்றொன்றைப் போடலாம் என்றும் அறிந்தேன்.

என் ஐயங்கள் மூன்று. இரண்டாவது சிலிண்டரை வாங்குவது செலவுக்குத் தகுந்த பயனைத் தருமா? தருமெனில், இணையத்தில் உதிரியாக விற்கப்படும் ஒரு சிலிண்டரை வாங்கி நானே மாட்டிக்கொள்ளலாமா? இரண்டும் கையிலிருக்கும்போது, நிலத்திற்குச் செல்கையில் எதை மாட்டிச் செல்வது?

பட்டறைவாசி (மறுமொழி):

இரண்டாவது வினாவிலிருந்து தொடங்குகிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கி எனக் கருதப்படுவது வரிசை எண் பொறித்த சட்டகமே தவிர சிலிண்டர் அன்று. ஆகவே உதிரிச் சிலிண்டர்கள் உரிமம் பெற்ற வணிகர் எவரும் இடையில் இல்லாமலே எளிதாகக் கைமாறுகின்றன. எளிதாகக் கிடைப்பதனால் எந்தச் சிலிண்டரும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். சிலிண்டரின் முன்முகத்திற்கும் குழலின் பின்முனைக்கும் இடையே விடப்படும் வெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளே. அது குறைந்தால் இரண்டு சுற்றுச் சுட்டதும் கரி படிந்து சிலிண்டர் இறுகிவிடும். கூடினால் வளிமமும் ஈயச் சிதறலும் பக்கவாட்டில் பீய்ச்சும். பின்பக்கம் உள்ள பற்கள், குதிரையை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) இழுக்கும்போது சிலிண்டரைத் தள்ளித் திருப்பும் சிறு நாக்குடன் சரியாக இசைய வேண்டும். இசையாவிட்டால் தோட்டா இருக்கும் அறை குழலுக்கு நேராக வந்து நிற்காது. குண்டின் ஓரம் குழலின் விளிம்பில் சீவப்படும். மினி ரிவால்வர் சிறியது என்பதால் இந்தப் பிழைகள் சிறியவையாகிவிடுவதில்லை.

யூட்டா மாநிலம் ப்ரோவோவில் இருக்கும் அதன் தயாரிப்பாளரே, இரண்டாவது சிலிண்டர் வேண்டுமெனில் துப்பாக்கியை அனுப்பச் சொல்லி, அதற்கென அளந்து பொருத்தித் தருவதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறார். ரூகர் சிங்கிள்-சிக்ஸ் வாங்குவோருக்கும் இது தெரிந்திருக்கும். 1953இல் அறிமுகமான அந்த ஆறு தோட்டா ரிவால்வர், வின்செஸ்டர் 1959இல் .22 மேக்னம் தோட்டாவை வெளியிட்டதைத் தொடர்ந்து, இரட்டைச் சிலிண்டருடன் விற்கப்படலாயிற்று. மேக்னம் சிலிண்டர் சிவப்புத் துணிப்பை ஒன்றில் தனியாக வரும். பழையதை வாங்குவோர், அந்தச் சிலிண்டரில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்கள் சட்டகத்தின் வரிசை எண்ணின் இறுதி இலக்கங்களோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்குக் காரணம், அது அந்தத் துப்பாக்கிக்கெனப் பொருத்தப்பட்டதுதானா என்பதை உறுதிசெய்துகொள்வதே. உங்கள் மினியுடன் இரண்டாவது சிலிண்டர் வரவில்லை என்பதால், தயாரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, எப்படி அனுப்புவது என்பதையும் கேட்டுக்கொண்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

மற்றொரு செய்தி. லாங் ரைபிள் சிலிண்டரை மாட்டினால் துப்பாக்கி சிறிதாகிவிடும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். இந்நிறுவனம் லாங் ரைபிளுக்கென்றே செய்யும் மினியின் சட்டகம் இதைவிடக் குட்டையானது, எடையும் குறைந்தது. உங்களுடையது மேக்னம் சட்டகம்; அதற்கான லாங் ரைபிள் சிலிண்டரும் மேக்னம் நீளத்திலேயே இருக்கும். எனவே தோட்டா குட்டையாக இருக்க, குண்டு குழலின் சுருள் பள்ளங்களைச் சென்று பற்றுவதற்கு முன் வழவழப்பான வெளியில் கூடுதல் தொலைவு பாய வேண்டியிருக்கும். குழலும் இரண்டுக்கும் பொதுவானது. முறைப்படி லாங் ரைபிள் குழலின் பள்ள விட்டம் 0.222 அங்குலம், மேக்னத்தின் குழலுக்கு 0.224 அங்குலம், இரட்டைச் சிலிண்டர் துப்பாக்கியில் இதில் ஒரு சமரசம் செய்யாமல் இயலாது. மென்மையான ஈயக் குண்டு அழுத்தத்தில் சற்று விரிந்து இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிக்கொள்கிறது என்பதால், ஐந்தாறு கஜத்தில் சுடும் ஒருவருக்கு இது கண்ணில் படாது. நீண்ட குழலுடைய ரிவால்வரில் இருபத்தைந்து கஜத்திற்குச் சுடுபவர்தான் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

மணல்திட்டு (மறுமொழி):

பட்டறைவாசி ஐயா சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. இரண்டாவது சிலிண்டர் பயன் தருமா என்பதில் மட்டும் என் கருத்தைச் சேர்க்கிறேன்: தரும், அதற்குக் காரணம் பயிற்சி ஒன்றுதான்.

தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகங்களைப் பார்த்தால் மேக்னம் எட்டாத உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். 40 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) குண்டு நீண்ட ரைஃபிள் குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,900 அடி வேகத்திலும், அதிவேக லாங் ரைபிள் ஏறத்தாழ 1,250 அடி வேகத்திலும் வெளியேறுவதாக அதில் போட்டிருப்பார்கள். மேக்னத்தின் வெடிமருந்து அந்த நீண்ட குழலில் நிதானமாக எரிவதற்கென அமைந்தது. உங்கள் குழலோ இரண்டு அங்குலம் கூட இல்லை. மருந்தில் பெரும்பங்கு குழலுக்கு வெளியே எரிந்து தீப்பிழம்பாகவும் பேரோசையாகவும் வீணாகிறது; 40 கிரெய்ன் மேக்னம் குண்டு நொடிக்கு 1,000 அடியை எட்டுவதே அரிது. லாங் ரைபிள் அதைவிட ஓரிரு நூறு அடி பின்தங்கியிருக்கும். வேறுபாடு உண்டு, ஆனால் பெட்டி காட்டும் வேறுபாடு அன்று. குறுங்குழலுக்கென்றே கலக்கப்பட்ட மேக்னம் தோட்டாக்கள், ஸ்பீர் கோல்ட் டாட், ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ் போன்றவை, இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றன. விலைதான் கையைச் சுடும்.

விலையென்றால், சாதாரண மேக்னம் தோட்டாவே லாங் ரைபிளைப் போல் மூன்று நான்கு மடங்கு. விரல் நுனிகளால் மட்டுமே பிடிக்க முடிகிற பிடியும், விசைக்காப்பு வளையம் இல்லாத விசையும், ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் இழுத்து ஏற்ற வேண்டிய குதிரையும் கொண்ட இந்தச் சிறு கருவியை நம்பிக்கையோடு கையாள நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் தேவைப்படும். மேக்னத்தில் அத்தனை சுட்டால் பணமும் போகும், கையும் நோகும். ஆகவே பெரும்பாலோர் ஒரு பெட்டி சுட்டுவிட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். லாங் ரைபிள் சிலிண்டர் உங்களைப் பயிற்சி செய்ய வைக்கும். எதைச் சுட்டாலும் காதுக்காப்பு அணியுங்கள். இந்தக் குட்டைக் குழலில் லாங் ரைபிளின் ஓசையும் காதுக்குத் தீங்கானதே.

நிலத்திற்குச் செல்லும்போது எதை மாட்டுவது என்பதற்குப் பாம்பையே கேளுங்கள். சிசிஐ என்னும் தோட்டா நிறுவனம் செய்யும், ஒற்றைக் குண்டுக்குப் பதில் பொடி ரவை நிறைந்த ரவைத் தோட்டாவில் லாங் ரைபிளுக்கு 31 கிரெய்ன் ரவையும், மேக்னத்திற்கு 52 கிரெய்ன் ரவையும் உள்ளன. இரண்டிலும் 12ஆம் எண் பொடி ரவைதான். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுதலான ரவை என்பது, சில அடித் தொலைவில் இருக்கும் கிலுகிலுப்பை விரியன் விஷயத்தில், நொடிக்கு நூறு அடி வேகத்தைவிடப் பெரிய வேறுபாடு. சுருள் பள்ளங்கள் ரவையைச் சுழற்றி வெளிநோக்கி எறிவதால் சற்றுத் தள்ளினாலே நடுவில் வெற்றிடம் விழும் என்பதையும் ஓர் அட்டையில் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். (விலகி நடந்துபோக இடமிருக்கும்போது பாம்பைச் சுடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வேறு பேச்சு.)

கள்ளிக்காடு:

இருவருக்கும் நன்றி. லாங் ரைபிள் தோட்டாவை மேக்னம் சிலிண்டரிலேயே போட்டுச் சுடலாம், அது உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு எதற்கு இரண்டாவது சிலிண்டர் என்று துப்பாக்கி சுடும் களத்தில் ஒருவர் கேட்டார். அவர் கூறுவது சரியா?

ஓடைக்கரை (மறுமொழி):

வேண்டவே வேண்டாம். அதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வேண்டுமென்று செய்யவில்லை, கவனக்குறைவால் நேர்ந்தது. என்னிடம் இருந்ததும் இரட்டைச் சிலிண்டர் ரிவால்வர்தான். ஒரு மாலை, மேக்னம் சிலிண்டர் மாட்டியிருப்பதை மறந்து லாங் ரைபிள் தோட்டாக்களைப் போட்டேன். சற்றுத் தளர்வாக இறங்கின என்பதை விரல் உணர்ந்தும் மனம் கண்டுகொள்ளவில்லை. முதல் வெடியிலேயே ஓசை வேறாக இருந்தது. கட்டைவிரலின் அடியில் சூடான வளிமம் சுட்டது. சிலிண்டரைக் கழற்றியபோது தோட்டாக் கூடு நெடுக்காகப் பிளந்திருந்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம் எளிது. லாங் ரைபிள் கூட்டின் விட்டம் ஏறத்தாழ 0.226 அங்குலம், மேக்னத்தினுடையது 0.242 அங்குலம். அறைச்சுவர் தாங்கிப்பிடிக்காத மெல்லிய பித்தளை உப்பிக் கிழிகிறது. அழுத்தம் குதிரையின் பக்கமாகப் பின்னோக்கி வெளியேறுகிறது. மேக்னம் தோட்டா லாங் ரைபிள் அறையில் இறங்கவே இறங்காது என்பதால் அந்தப் பக்கம் கவலையில்லை. பிழை நேர்வது இந்த ஒரு திசையில்தான். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: மாட்டாத சிலிண்டரையும் அதற்குரிய தோட்டாப் பெட்டியையும் ஒரே பையில் இட்டு, மேசையின் மேல் ஒரு நேரத்தில் ஒரு பை மட்டுமே வைக்கிறேன்.

இன்னும் ஒன்று. மினி சிலிண்டரில் அறைகளுக்கு இடையே சிறு பள்ளங்கள் இருக்கும். ஐந்து தோட்டாவும் நிரப்பிய நிலையில் குதிரையின் முனை அந்தப் பள்ளமொன்றில் அமர்ந்திருந்தால்தான் பையில் கொண்டுசெல்வது பாதுகாப்பு. மிகப் பழைய மினிகளில் இப்பள்ளங்கள் கிடையா. உதிரியாக எதையேனும் வாங்க நேர்ந்தால் முதலில் அதைப் பாருங்கள். தோட்டா இல்லாமல் குதிரையை அடிக்க விட்டுப் பழகவும் வேண்டாம். ரிம்ஃபயரில் (விளிம்பில் அடித்தால் வெடிக்கும் இவ்வகைத் தோட்டாவுக்கான துப்பாக்கியில்) அது அறையின் விளிம்பை நசுக்கும், நசுங்கிய இடத்தில் தோட்டா சரியாக அமராது.

பட்டறைவாசி:

ஓடைக்கரை சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் அது இல்லாமற்போய், குதிரை அந்த இடத்திலேயே அடித்தால் வெடிக்காது. மலிவான மொத்தப் பெட்டி லாங் ரைபிளில் இது அவ்வப்போது நேரும். பயிற்சியில் இதனால் இழப்பில்லை. பையில் கொண்டுசெல்வதற்கு மேக்னமே என் தேர்வு என்பதற்கு, வேகத்தைவிட, இந்த நம்பகமே பெரிய காரணம். வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையில் அரை நிமிடம் பிடித்திருந்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள்.

கள்ளிக்காடு:

இன்று தயாரிப்பாளரோடு பேசினேன். துப்பாக்கியை அனுப்பினால் லாங் ரைபிள் சிலிண்டரைப் பொருத்திச் சுட்டுப் பார்த்து அனுப்புவதாகக் கூறினார்கள். இணையத்தில் பார்த்துவைத்திருந்த உதிரியை விட்டுவிட்டேன். லாங் ரைபிள் சிலிண்டர் களத்திற்கு மட்டும் வரும். நிலத்திற்கு மேக்னம் சிலிண்டர். முதல் இரண்டு அறைகளில் ரவை, மற்ற மூன்றில் குறுங்குழல் தோட்டா. பைகளுக்கு என் மனைவி சிவப்பும் நீலமுமாக இரண்டு துணிகளை எடுத்துவைத்திருக்கிறார்.