ஃபாக் லேம்ப் சுவிட்சுக்கு இரட்டை நிற எல்.இ.டி: ரெசிஸ்டர் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

ஓசூர்ரோடு_ஓட்டி
வணக்கம். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் ஃபாக் லேம்ப் போட்டேன். ரிலே (லேம்புக்குப் போகும் பெரிய கரன்டைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்), ஒயரிங் எல்லாம் அவர்களே செய்து, டேஷ்போர்டில் சும்மா மூடிக்கிடந்த குழியில் சுவிட்சையும் மாட்டிவிட்டார்கள். ஆனால் லேம்ப் எரிகிறதா என்று உள்ளே இருந்து தெரியவில்லை. போன வாரம் நந்தி மலையில் பனிக்குப் போட்டதை அணைக்க மறந்து, ஹெப்பால் வரை எதிரே வந்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கினேன்.

எஸ்.பி. ரோட்டில் மூன்று கால் பச்சை-சிவப்பு எல்.இ.டி. வாங்கியிருக்கிறேன். நடுக்கால் பொதுக் கேத்தோடு, அதாவது இரண்டு நிறத்துக்கும் பொதுவான நெகட்டிவ். சாவி போட்டால் பச்சை, ஃபாக் லேம்ப் போட்டால் சிவப்பு, இவ்வளவுதான் ஆசை. பச்சைக்கு இக்னிஷன் லைன், சிவப்புக்கு ரிலேயின் 87, அதாவது லேம்புக்குக் கரன்ட் போகும் பின். காலுக்கு ஒரு ரெசிஸ்டர் (கரன்டை மட்டுப்படுத்துவது) போட்டு மேசையில் பார்த்தால், இரண்டும் சேர்ந்து மஞ்சளாக எரிகிறது. நடுக்காலில் ஒரே ரெசிஸ்டர் போடுங்கள், "நடியுத்தே சார்" (நடக்கும் சார்) என்று கன்னடத்தில் சொல்கிறார் கடைக்காரர். நடக்குமா?

பழைய_மல்டிமீட்டர்
வேண்டாம் தம்பி. நிறத்துக்கு ஒரு ரெசிஸ்டர், அதுதான் முறை. சிவப்பு எடுப்பது சுமார் 2 வோல்ட், பச்சை 3க்கு மேல். என்ஜின் ஓடும்போது லைனில் 14.4 வோல்ட் வரை வரும், 12 என்று கணக்குப் போடாதீர்கள். 10 மில்லி ஆம்புக்கு சிவப்புக்கு 1.2 கிலோ ஓம், பச்சைக்கு 1.1. கால் (1/4) வாட் ரெசிஸ்டர் தாங்கும். 20 மில்லி ஆம்ப் கொடுத்தால் அதே கால் வாட் விளிம்பில் நின்று சுடும்.

மஞ்சள் வராமல் இருக்க 5 பின் ரிலே போட்டு, 87ஏ-யிலிருந்து, அதாவது ரிலே சும்மா இருக்கும்போது கரன்ட் வரும் பின்னிலிருந்து, பச்சையை எடுங்கள். லேம்ப் எரியும்போது பச்சை தானாக அணையும்.

அல்சூர்_ஸ்பேனர்
மல்டிமீட்டர் சார், மரியாதையோடு மறுக்கிறேன். அந்த ரிலேக்கு 30இல் வருவது நேரடி பேட்டரி லைன். 87ஏ-யில் பச்சையைத் தொங்கவிட்டால் சாவியை எடுத்த பிறகும் ராத்திரி முழுக்க எரியும். அப்புறம் கடையில் 5 பின் என்று தருவதில் பாதிக்கு நடுப் பின்னும் 87தான், 87ஏ கிடையாது. எத்தனை பேர் அதில் ஏமாந்திருக்கிறார்கள்!

கடைக்காரர் சொன்னது இந்த ஒரு வேலைக்குச் சரி. பச்சை மட்டும் எரியும்போது ரெசிஸ்டர் பாட்டுக்கு வேலை செய்யும். சிவப்புக்கும் கரன்ட் வந்ததும் அது தன் 2 வோல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடுக்காலை மேலே தூக்கிவிடும். பச்சைக்கும் அந்த 2 வோல்ட்தான் மிஞ்சும். அதற்கு 3 வேண்டும், அணைந்துவிடும். எல்லாரும் தப்பு என்று சொல்லும் அதே குணம்தான் ஓட்டிக்குத் தேவையான சுவிட்ச்.

மர்ஃபிடவுன்_மச்சான்
குறுக்கே வருகிறேன். என் அண்ணனுக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் தெரியாது. சிக்னலில்கூட மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் ஓட்டுவான். உங்கள் ஒற்றை எல்.இ.டி. அவனுக்கு எப்போதும் ஒரே நிறம். வண்டியை வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால் தனித்தனியாக இரண்டு வையுங்கள். நீலத்துக்கு மட்டும் மாறிவிடாதீர்கள், டேஷ்போர்டில் அது ஹை பீமுக்கு உரியது.

பழைய_மல்டிமீட்டர்
ஸ்பேனர் தம்பி, தந்திரம் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். லேம்ப் அணைந்திருக்கும்போது 87 சும்மா அந்தரத்தில் இல்லை, பல்பின் இழை வழியாக எர்த்தில் உட்கார்ந்திருக்கிறது. நடுக்காலிலோ 11 வோல்ட். அதாவது சிவப்பு எல்.இ.டி.க்கு 11 வோல்ட் தலைகீழாக. இந்த வகை எல்.இ.டி.க்கு டேட்டாஷீட்டில் பொதுவாக 5 வோல்ட்தான் வரம்பு. உடனே போகாது, ஒரு மழைக்காலத்தில் போகும். தனித்தனி ரெசிஸ்டர் போட்டால் நடுக்கால் நேராக எர்த்தில் இருக்கும், இந்தப் பிரச்சினையே இல்லை.

இன்னொன்று, பழைய ரக மஞ்சள்-பச்சை எல்.இ.டி. 2.1, 2.2 வோல்ட்டிலேயே எரிந்துவிடும். அந்த வகையில் உங்கள் தந்திரம் பலிக்காது, அரைகுறை ஆரஞ்சுதான்.

அல்சூர்_ஸ்பேனர்
இழையை மறந்துவிட்டேன், தப்புதான். அப்படியானால் சிவப்புக் காலில், கரன்டை ஒரே பக்கம் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று.

பழைய_மல்டிமீட்டர்
சிவப்பில் மட்டும் போட்டால் 2 வோல்ட் 2.6 ஆகிவிடும், பச்சையோ 3.1. இடைவெளி அரை வோல்ட். ஃபாக் லேம்ப் இரண்டும் சேர்ந்து 9 ஆம்ப் இழுக்கும்போது ஒல்லி ஒயரில் அந்த அரை வோல்ட்டும் கரைந்துவிடும், பச்சை அணையாது.

அல்சூர்_ஸ்பேனர்
சரி, இரண்டு காலிலும் டயோடு. இடைவெளி பழையபடி 1.1. ரெசிஸ்டர் ஒன்று, டயோடு இரண்டு, முடிந்தது.

பழைய_மல்டிமீட்டர்
ஒரு ரெசிஸ்டரை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு டயோடு! மூன்று பின் சுவிட்ச் ஒன்று வாங்கி, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் ரிலேயை இழுக்கும் காயிலும் சிவப்பும் என்று பிரித்தால் எல்லாமே தீர்ந்தது.

அல்சூர்_ஸ்பேனர்
அதில் சிவப்பு எரிந்தால் சுவிட்ச் போட்டிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். லேம்ப் ஃபியூஸ் போயிருந்தாலும் அது பாட்டுக்குச் சிரிக்கும். 87இல் எடுத்தால் கரன்ட் உண்மையிலேயே லேம்ப் லைனுக்குப் போகிறது என்று தெரியும். தவிர, காயிலோடு எல்.இ.டி.யைக் கட்டினால் அணைக்கும்போது காயில் உதைக்கும் தலைகீழ் அடி எல்.இ.டி. மேல்தான் விழும். அங்கேயும் டயோடு போடத்தானே வேண்டும் சார்?

ஓசூர்ரோடு_ஓட்டி
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்தேன். பச்சை 3.05, சிவப்பு 1.94. ஸ்பேனர் சொன்னபடி இரண்டு டயோடையும் வெள்ளிக் கோடு எல்.இ.டி. பக்கம் பார்க்கும்படி சால்டர் செய்து ஸ்லீவ் போட்டேன். நடுக்காலில் 1.2 கிலோ ஓம். சாவி போட்டதும் பச்சை, சுவிட்ச் போட்டதும் சுத்தமான சிவப்பு. மஞ்சள் துளியும் இல்லை. ஆனால் இருட்டில் கண்ணைக் குத்தியது, ரெசிஸ்டரை 4.7க்கு மாற்றிவிட்டேன். பகலிலும் போதுமாக இருக்கிறது. மச்சான், என் வண்டியை நான் மட்டும்தான் ஓட்டுகிறேன், அண்ணனுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

பழைய_மல்டிமீட்டர்
சந்தோஷம். ஒரே கேள்வி. ரெசிஸ்டர் நடுக்காலில் இருக்கிறது. 87இலிருந்து டேஷ்போர்டு வரை வரும் அந்த ஒல்லி ஒயருக்கு என்ன காவல்? லேம்ப் லைனின் 15 ஆம்ப் ஃபியூஸ்தானே? ஒயர் எங்காவது பாடியில் உரசினால் ஃபியூஸ் போகுமுன் ஒயர் எரியும். நான் சொன்ன தனி ரெசிஸ்டர்களை ரிலே பக்கத்திலேயே வைத்திருந்தால் ஷார்ட் ஆனாலும் 12 மில்லி ஆம்புக்கு மேல் போயிருக்காது.

அல்சூர்_ஸ்பேனர்
இதற்கு என்னிடம் பதில் இல்லை சார். ஓட்டி, 87 பக்கத்தில் 2 ஆம்ப் இன்லைன் ஃபியூஸ் ஒன்று போடுங்கள், இக்னிஷன் பக்கமும்.

ஓசூர்ரோடு_ஓட்டி
டேஷ்போர்டை மூடி கிளிப்பெல்லாம் அமுக்கிவிட்டேன். ஒரு கிளிப் உடைந்தும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மறுபடி திறக்கிறேன்.