புதுப்பிப்பு: அம்மாவின் இரண்டு மாத்திரைகள்

ராத்திரி மிர்டாசபின் (மனச்சோர்வுக்கான மாத்திரை, தூக்கமும் தரும்) 15 மி.கி. போடும் அம்மா, தூக்கம் வராத நாளில் பழைய தூக்க மாத்திரையான சோல்பிடெம் 10 மி.கி.யும் சேர்த்துப் போடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று டாக்டரைப் பார்த்தோம். வேண்டாம் என்றார். இரண்டுமே மூளையை மந்தமாக்குபவை; அறுபதைத் தாண்டியவர் நடுராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிடுவாரோ என்பதுதான் டாக்டருடைய பயம். மிர்டாசபின் உடம்பில் பாதியாகக் குறையவே 20 முதல் 40 மணி நேரம் ஆகுமாம். காலை பத்து மணிக்கும் காபி டம்ளரோடு அம்மா ஏன் சொக்குகிறார் என்று இப்போதுதான் புரிந்தது!

அவ்வப்போது போட்டதால் சோல்பிடெமை உடனே நிறுத்தலாம். தினமும் போடுபவர்கள் டாக்டரைக் கேட்டு மெல்லத்தான் குறைக்க வேண்டுமாம். அப்புறம், குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்து கலந்த சளி மாத்திரையையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அதுவும் தூக்கம் தரும்.