அருவாள் வாய் மடங்குகிறது: சேலம் பக்கம் நல்ல கொல்லுப்பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள்

வணக்கம். ஏற்காட்டுச் சரிவில் காப்பிச் செடிகளுக்கு நடுவே இடுப்பளவு புல். புல்வெட்டும் இயந்திரம் வேண்டாம், சரளை தெறிக்கும், இளங்கன்றின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் கன்றே காய்ந்துவிடும். புல்லருவாள்தான் சரி.

லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்த அருவாள், அரை மணி நேரம் அறுத்ததும் வாய் (வெட்டும் விளிம்பு) மடங்குகிறது. வாய் சில்லுச் சில்லாகப் பொறிந்து போனால் விறைப்பு அதிகம், மடங்கினால் மென்மை அல்லது வாய் மிக மெலிவு. இதில் மின்சாணை பிடித்த இடம் நீலம் பாய்ந்திருக்கிறது, அரமும் அங்கே சுலபமாகக் கடிக்கிறது. சூட்டில் தோய்ச்சல் (காய்ச்சிய இரும்பை முக்கிக் குளிரவைத்து ஏற்றிய விறைப்பு) இறங்கிவிட்டது என்றே தோன்றுகிறது. உண்ணிச்செடித் தண்டுக்குக் கொடுவாள் தனியே இருக்கிறது, புல்லருவாள் அதைத் தொடுவதில்லை.

செவ்வாய்ப்பேட்டை, அயோத்தியாப்பட்டணம் பக்கம் காய்ச்சி அடித்துத் திரும்பத் தோய்த்துத் தரும் பட்டறை எது? எண்ணெயில் தோய்ப்பவர் வேண்டும். வில்பட்டை இரும்பு தண்ணீரில் விரிசல் விடக்கூடும். தோய்த்ததும் வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

வாய்ச்சரிவு (விளிம்பைத் தீட்டும் கோணம்) 20 பாகை போதுமா, 25 வைக்கலாமா? பனி ஈரம் இருக்கும்போதே, ஈரச் சாணைக்கல்லை அடிக்கடி இழுத்துத்தான் அறுக்கிறோம். கல் நிறைந்த சரிவில் நீளக் காம்பு அருவாள் பயன்படுத்தியவர்கள், காம்பின் நீளத்தையும் சொல்லுங்கள்.